சேரப்பணஞ்சேரி வழியே செல்லும் பெட்டிகள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை எட்டுமுன் வருவது சேரப்பணஞ்சேரி. காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். ஒரு தலைமுறைக்கு முன் இவ்வழியே பேருந்தில் சென்றவர்களுக்கு நினைவிருக்கும்: ஏரிக்கரை, நெல்வயல், அப்பால் வேர்க்கடலைக் கொல்லை, சிறிது முட்புதர், மீண்டும் ஓர் ஏரிக்கரை. இன்று அதே பாதையில் சாலை அகன்று, நடுவே தடுப்புச்சுவர் எழுந்து, இருபுறமும் உணவு விடுதிகளும் வாடகை அறைகளுமாக ஊரின் முகமே மாறிவிட்டது. அண்மையில் சில நாள்கள் அங்குத் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஊரின் பெயரிலேயே பணம் இருக்கிறதே என்று நான் வேடிக்கையாகச் சொன்னபோது, திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரிக்காமலே விடை சொன்னார்: “பேருக்குள்ள இருந்த பணம் நிலத்த வித்தப்பதான் வெளியே வந்துச்சு சாமி. வந்த வழியாவே போயிடுச்சு.”

இத்தொழில் வட்டாரத்தின் வரலாறு நீண்டதன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய ஆண்டு 1998. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை 2006இல் வந்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், அதே காலத்தில் அப்பல்லோ டயர் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்பீல்டு ஆலையும் தோன்றின. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் சிறு தொழிற்சாலைகள் எத்தனையோ. இரவு பகலாக இச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று ஊரார்க்குத் தெரியாது. அது எங்கே போகிறது என்பதும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி போய்ச் சேரும் துறைமுகத்தில் எத்தனை விழுக்காடு சுங்கம் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே இங்குள்ள வாடகை அறைகள் நிரம்புவதும் காலியாவதும் நடக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரகடத்தில் உருவான நிசான் மைக்ரா கார்கள் 2010 முதல் சில ஆண்டுகள் எண்ணூர்த் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றன. வெளிநாட்டுக் கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த வரி 10 விழுக்காடு. வளரும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கு அதில் மூன்றரையைத் தள்ளி ஆறரையாக வாங்கினார்கள். இந்திய வாகனத் தொழில் போதுமான அளவு வளர்ந்துவிட்டது என்று கருதி, 2014 ஜனவரி முதல் இப்பிரிவுக்கு அத்தள்ளுபடியை நிறுத்தினார்கள். அமெரிக்காவும் தன் பங்குக்கு, தான் இந்தியாவுக்கு அளித்துவந்த இத்தகைய சலுகையை 2019 ஜூன் 5ஆம் நாள் நீக்கிற்று. ஜி.எஸ்.பி. என்று வணிகர்கள் சுருக்கமாகச் சொல்லும் ‘பொது முன்னுரிமைத் திட்டம்’ என்பது இதுவே. இச்சொல்லை நம் வாசகர்கள் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கலாம். அது அப்படித் தாண்டிப் போகத் தக்கதன்று என்பதைச் சேரப்பணஞ்சேரியில் நான் கேட்ட இரண்டு பேச்சுகள் எனக்கு உணர்த்தின.

முதலாவது ஒரு தாயின் பேச்சு. ஆலை ஒன்றின் சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மையார் அவர். மகன் ஒப்பந்தத் தொழிலாளி. “ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா கண்ணு சிவந்திருக்கு சாமி. தூக்கமில்லன்னு சொல்றான். தூக்கமில்லாத கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். சொல்லவந்தது கஞ்சா, அச்சொல்லை மட்டும் அவர் வாயில் எடுக்கவில்லை. அவரோடு வந்திருந்த வேறு இரு பெண்களும் தலைகுனிந்து நின்றதிலிருந்து, அது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று என்று புரிந்துகொண்டேன்.

இரண்டாவது, ஒடிசா மாநிலத்தின் தென்கோடியிலிருந்து வந்து இங்கே பற்றவைப்பு வேலை செய்யும் ஓர் இளைஞரின் பேச்சு. ஒரே அறையில் அறுவராகத் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்; தட்டுத்தடுமாறிய தமிழில் தம் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மலைச்சரிவு. மஞ்சள் விளையும், கேழ்வரகு விளையும். அப்படியிருக்க அங்குச் சிலர் கஞ்சா பயிரிடுவது ஏன் என்று கேட்டேன். அவர் தயங்கவில்லை. “மஞ்சள் நாம தூக்கிப் போகணும் ஃபாதர், சந்தைக்கு. மலை இறங்கணும். அவங்க சொன்னதுதான் விலை. அதுக்கு ஆள் வீட்டுக்கே வரும். செடி வைக்கிறதுக்கு முன்னாலேயே பணம் தரும்.” இதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் துருவவில்லை.

ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா தமிழகத்துக்குக் கடத்தப்படுவது பல ஆண்டுகளாக அறிந்த செய்தியே. ஆக, அத்தாயின் துயரமும் இவ்விளைஞர் ஊரின் வறுமையும் ஒரே கயிற்றின் இரு முனைகள். காவல்துறையினர் நடுவில் அக்கயிற்றை அறுக்க முயல்கிறார்கள். அது வேண்டியதே. ஆனால் மலைமேல் உள்ள முனையைக் காவலரால் மட்டும் அவிழ்க்க முடியாது. அங்கே முடிச்சுப் போட்டிருப்பது வணிகம். அப்படியானால் வணிகத்தாலேயே அதை அவிழ்க்க இயலுமா? உலக அளவில் இம்முயற்சி நடந்திருக்கிறது. அதில் இந்தியாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அப்பங்கு சிறிது விந்தையானதும்கூட.

வளரும் நாடுகளின் பொருள்களுக்குச் செல்வ நாடுகள் குறைந்த வரி விதிக்கவேண்டும் என்ற கோரிக்கை 1964இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் வணிக மாநாட்டில் எழுந்தது. அர்ஜென்டினா நாட்டுப் பொருளியல் அறிஞர் ரவுல் பிரபிஷ் அதற்குக் குரல் கொடுத்தவர்களில் தலையாயவர். 1968இல் அம்மாநாடு இரண்டாம் முறை கூடியது நம் புதுதில்லியில். அங்குதான் இத்திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1979இல் அதற்கு நிலையான சட்ட அடிப்படை தரப்பட்டது. சலுகை பொதுவானதாயும், கைம்மாறு கேளாததாயும், நாட்டுக்கு நாடு வேறுபாடு காட்டாததாயும் இருக்கவேண்டும் என்று வகுத்தார்கள். இம்மூன்றாவது நிபந்தனையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். பின்னர் வந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேலேயே நின்றது.

போதைப்பயிர் இதற்குள் நுழைந்தது 1989–90இல். காப்பி விலை சரியாமல் காத்துவந்த பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989 ஜூலையில் முறிந்தது. விலை பாதாளத்துக்கு விழுந்தது. கொலம்பியா, பெரு ஆகிய நாடுகளில் காப்பியை நம்பியிருந்த சிறு குடியானவர்களில் பலர், கொக்கெய்ன் எடுக்கப்படும் கோக்கா இலையின் பக்கம் திரும்பினார்கள். கொக்கெய்னை வாங்கி நுகர்ந்தவர்களோ வடக்கே செல்வ நாடுகளில் இருந்தார்கள். 1990 பிப்ரவரியில் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் அவர்களும் கொலம்பியா, பெரு, பொலிவியா நாடுகளின் தலைவர்களும் கூடினார்கள். “இலையைப் பிடுங்கு என்கிறீர்கள், பிடுங்கிய இடத்தில் விளைவதை வாங்கிக்கொள்வீர்களா?” என்பதே தென்னாட்டார் கேள்வியின் சாரம். ஐரோப்பா 1990இல் ஆண்டீஸ் மலைநாடுகள் நான்கிற்கும் வரிச் சலுகை அளித்தது. பின்னர் மத்திய அமெரிக்க நாடுகளையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கா 1991 டிசம்பர் 4ஆம் நாள் ஒரு தனிச் சட்டமே இயற்றி, பொலிவியா, கொலம்பியா, எக்வடோர், பெரு நாடுகளின் பெரும்பாலான பொருள்களுக்கு வரியை நீக்கிற்று.

விளைவு என்ன? நல்லது நடக்கவில்லை என்று சொல்வது அநீதி. போகோட்டா நகரைச் சுற்றியுள்ள மேட்டுச் சமவெளியில் மலர்த் தோட்டங்கள் பெருகின; பல்லாயிரம் பெண்கள் கூலி பெற்றார்கள். பெருவின் கடற்கரைப் பாலைநிலத்தில், நம் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த அஸ்பாரகஸ் என்னும் காய்த்தண்டு பயிராகி, அந்நாட்டை உலகின் முன்னணி ஏற்றுமதியாளர் வரிசையில் நிறுத்தியது. ஆனால் கோக்கா விளைந்தது எங்கே? கொலம்பியாவின் தெற்குக் காடுகளிலும், பெருவில் மலைக்கு அப்பாலுள்ள உவால்யாகா பள்ளத்தாக்கிலும் அல்லவா? ரோஜாத் தோட்டத்துக்கும் கோக்கா கொல்லைக்கும் இடையே மலைத்தொடர் கிடந்தது, சாலை இல்லை. சேரப்பணஞ்சேரியில் ஆலை வந்ததால் கோராபுட்டு மலைக்கிராமம் மஞ்சளுக்கு நல்ல விலை கண்டுவிடுமா? மலையில் பிறந்த பையன் இங்கே வந்து பற்றவைப்பான், அவ்வளவே. மலையில் எஞ்சியிருப்பவர்களின் வாசலுக்கு யார் வருகிறார் என்பது மாறாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோக்காவுக்கு மாற்று என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்வது காப்பி. வறுக்காத காப்பிக்கொட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் எந்த நாட்டிடமும் வரி வாங்குவதில்லை. இல்லாத வரியை எப்படித் தள்ளுபடி செய்வது? வறுத்த காப்பிக்குத்தான் ஏழரை விழுக்காடு. அச்சலுகையால் பயன்பெறுபவன் கொட்டையை வறுத்துப் பொட்டலம் கட்டும் ஆலைக்காரன். செடி வைத்தவன் அல்லன். சலுகை துறைமுகத்தில் தரப்படுகிறது. பயிர் எது என்பதோ ஒற்றையடிப் பாதையின் மறுமுனையில் முடிவாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே தரகன், லாரி, கிடங்கு, கடன் என்று எத்தனை படிகள்! ஒவ்வொரு படியிலும் சிறிது சிந்திவிட, மலைக்குப் போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கணக்கும் இதையே காட்டுகிறது. 1990களின் பிற்பகுதியில் பெருவில் கோக்கா குறைந்தது. அதே வேளையில் கொலம்பியாவில் கூடிற்று. ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் அலுவலகத்தின் அளவீட்டின்படி, 2023இல் கொலம்பியாவில் மட்டும் 2,53,000 ஹெக்டேர் நிலத்தில் கோக்கா பயிராகியிருந்தது. அமெரிக்கச் சலுகையோ அதற்குப் பத்தாண்டு முன்பே, 2013 ஜூலை இறுதியோடு காலாவதியாகிவிட்டது. அதற்கும் முன்னர், அமெரிக்கத் தூதரைப் பொலிவியா வெளியேற்றிய 2008ஆம் ஆண்டின் முடிவில், அந்நாட்டுக்கு மட்டும் சலுகை நிறுத்தப்பட்டிருந்தது. அங்கு அச்சலுகையை நம்பி அமெரிக்காவுக்கு ஆடை தைத்துவந்த பெரிய ஆலை ஒன்று தள்ளாடி, அரசின் கைக்கு வந்து, 2016இல் மூடப்பட்டது. தைத்தவர்கள் கோக்கா வளர்த்தவர்கள் அல்லர். தூதரை வெளியேற்றியவர்களும் அல்லர். நோக்கியா ஆலை மூடியபோது வீடு திரும்பிய நம் பெண்களைக் கண்டவர்களுக்கு இது எத்தகைய இழப்பு என்று விளக்கவேண்டியதில்லை.

இனி, நம் வழக்குக்கு வருவோம். 2001 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தன் திட்டத்தைப் புதுப்பித்தபோது, போதைப்பொருள் ஒழிப்புக்கான தனிச்சலுகை பெறும் நாடுகளாகப் பன்னிரண்டைப் பெயர் குறித்தது. பதினொன்று அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டாவது பாகிஸ்தான். ஆப்கன் போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. உண்மையில், பாகிஸ்தானின் எல்லைப்புற மலைகளில் கசகசாச் செடியின் சாகுபடி, பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2000ஆம் ஆண்டளவிலேயே ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. சலுகை வந்தது அதன் பின்னர். அது போதைப்பயிருக்காகவா, போரில் தோள்கொடுத்ததற்காகவா என்று ஐயுற்றவர்களைக் குறைகூற முடியாது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். கரூரில் நெய்து தைக்கும் படுக்கை விரிப்புகளையும், திருப்பூரின் பின்னலாடைகளையும் எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் இவற்றுக்கு 12 விழுக்காடு வரி. அன்று இந்தியாவுக்குரிய பொதுச்சலுகையில் அது 9.6 ஆக இருந்தது. பாகிஸ்தானுக்கோ 2002 ஜனவரி முதல் வரியே இல்லை. ஒரே தரத்துப் போர்வை, ஒரே கடை, ஒன்றின்மேல் ஏறத்தாழப் பத்து விழுக்காடு சுமை, மற்றதன்மேல் ஏதுமில்லை. ஏற்றுமதித் தொழிலில் இலாபமே அவ்வளவு நிற்பது அரிது. போதைப்பயிர் வளர்க்காத கரூர் நெசவாளி, அவ்வாறு வளர்க்காத குற்றத்துக்காகத் தண்டம் கட்டுவதுபோல் ஆயிற்று! ஐரோப்பியர் செயலிலும் ஒரு வேடிக்கை இருந்தது: பாகிஸ்தானின் படுக்கை விரிப்புகள் மலிந்து குவிகின்றன என்று முறையீடு எழவே, 2004 மார்ச்சில் அவற்றின்மேல் 13.1 விழுக்காடு பொருள்குவிப்புத் தடுப்பு வரியை விதித்தார்கள். ஒரு கை கொடுத்ததை மறுகை பறித்தது.

இந்தியா 2002 மார்ச் 5ஆம் நாள் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. 2003 டிசம்பரில் விசாரணைக் குழு இந்தியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குழுவினர் ஒருவர் மாறுபட்டார். ஐரோப்பா மேல்முறையீடு செய்தது. 2004 ஏப்ரல் 7ஆம் நாள் வெளிவந்த மேல்முறையீட்டு முடிவு படித்துப் போற்றத்தக்கது என்று நான் கருதுகிறேன். கீழ்க்குழு, எல்லா வளரும் நாடுகளுக்கும் ஒரே சலுகைதான் தரவேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தது. மேல்குழு அதைத் தளர்த்தியது. நாடுகளின் தேவைகள் வேறுபடும். தேவைக்கேற்பக் கூடுதல் சலுகை தரலாம். ஆனால் ஒத்த தேவையுடைய எல்லோருக்கும் அது கிடைக்கவேண்டும். ஐரோப்பா செய்தது என்ன? பன்னிரண்டு பெயர்களை எழுதி ஏட்டை மூடிவிட்டது. எந்த அளவுகோலால் இவர்களைத் தேர்ந்தெடுத்தது என்று எழுதவில்லை. பதின்மூன்றாவது நாடு எப்படி நுழைவது என்றும் எழுதவில்லை. ஆதலால் அச்சலுகை செல்லாது என்பதே முடிவு.

பந்தியில் பசித்தவனுக்கு ஒரு கரண்டி கூடப் போடுவதை எவரும் குற்றம் சொல்லமாட்டார்கள். பசித்தவர் யார் என்று பாராமல் வேண்டியவர் பெயரை முன்கூட்டியே எழுதிவைத்துப் போடும்போதுதான் பந்தி கலைகிறது. இந்தியாவின் வழக்கு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், இதில் நாம் வென்றது வரியில் ஒரு காசும் அன்று. ஐரோப்பா பழைய திட்டத்தைக் கைவிட்டு, 2005 ஜூலை 1ஆம் நாள் முதல் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற புதுத் திட்டத்தைக் கொணர்ந்தது. மனித உரிமை, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல், போதைப்பொருள் தடுப்பு, நல்லாட்சி ஆகியவை பற்றிய 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை ஏற்ற, வலுவற்ற பொருளாதாரமுடைய நாடுகளுக்கே அது என்று விதி செய்தார்கள். பெரிய ஏற்றுமதியாளரான இந்தியாவுக்கு அதில் இடமில்லை. முந்தைய பன்னிரண்டில் பதினொன்று நாடுகளும் புதுப் பட்டியலில் அமர்ந்துவிட்டன. வெளியே நின்றது பாகிஸ்தான் மட்டுமே. விதி மாற்றப்பட்ட பின்னர், 2014 ஜனவரியில்தான் அதற்கு அங்கே இடம் கிடைத்தது.

புதிதாய்ச் சேர்ந்தவற்றுள் ஒன்று இலங்கை. கட்டுநாயக்கா ஆடை ஆலைகளில் மலையகத்துத் தமிழ்ப் பெண்களும் வேலை செய்வது நம்மில் பலருக்குத் தெரியும். உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தை ஒட்டிய மனித உரிமைக் குறைகளைக் காட்டி 2010 ஆகஸ்டில் அச்சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதம் மீண்டும் வழங்கப்பட்டது. அரசுக்கு வைத்த தண்டனையைத் தையல் பொறியின்முன் அமர்ந்திருந்த பெண்ணும் சேர்ந்தே சுமந்தாள்.

அப்படியானால் வணிக முன்னுரிமை என்பதே வீண்தானா? அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். அது பயிரின்மேலேயே நேராகப் பொருந்திய ஓர் இடம் உண்டு; அது நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற குடியானவர்கள் அபினுக்காகவே கசகசாச் செடி வளர்க்கிறார்கள். குவாலியரில் தலைமையகம் கொண்ட மத்தியப் போதைப்பொருள் பணியகம் நிலத்தை அளந்து, கீறி எடுத்த பாலை நிறுத்து வாங்கிக்கொள்கிறது. 1820இல் தோன்றிய காசிப்பூர் ஆலையும் நீமச்சு ஆலையும் அதைப் பக்குவம் செய்கின்றன. புற்றுநோயாளியின் வலி தணிக்கும் மார்ஃபீனுக்கும் இருமல் மருந்தின் கோடீனுக்கும் மூலம் அதுவே. 1970களில் துருக்கி சில ஆண்டுகள் இப்பயிரைத் தடைசெய்தபோது பற்றாக்குறை ஏற்பட்டு, இந்தியா உற்பத்தியைப் பெருக்கியது. துருக்கி மீண்டும் பயிரிட, வேறு நாடுகளும் புகுந்துகொள்ள, நம் கிடங்கில் அபின் தேங்கியது.

விற்காத அபின் எங்கே போகும் என்பதை எண்ணிப் பார்த்த அமெரிக்கா 1981இல் ஒரு விதி செய்தது. தன் மருந்து ஆலைகள் வாங்கும் மூலப்பொருளில் 80 விழுக்காடு, மரபாகப் பயிரிட்டுவரும் இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வரவேண்டும்; எஞ்சிய 20 மட்டும் குறிப்பிட்ட பிற நாடுகளிலிருந்து வரலாம். அங்கிருந்து கள்ளச்சந்தைக்கு ஒரு துளியும் ஒழுகுவதில்லை என்று எவரும் உறுதி சொல்லமாட்டார். ஆயினும் உரிமம் பெற்றவனுக்கு ஒரு நிலையான வாங்குபவன் வாசலிலேயே இருக்கிறான். உரிமம் போய்விடும் என்ற அச்சமும் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் வேலையைத் தடியால் செய்ய முடியாது. பின்னர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் தீபெய்ன் என்ற பொருள் மிகுந்த புதுவகைச் செடியை வளர்த்தார்கள். 80–20 விதி அதற்குப் பொருந்தாததால் அந்தச் சந்தை அங்கே போயிற்று. விதியை எழுதுபவன் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் வணிகன் ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவான்.

தாய்லாந்தின் வடமலைகள் வேறொரு பாடம். அரசர் பூமிபோல் 1969இல் தொடங்கிய அரச வளர்ச்சித் திட்டம், அபின் விளைந்த மலைகளுக்குக் குளிர்நாட்டுப் பழமும் காய்கறியும் காப்பியும் கொண்டுசென்றது. முதலில் சாலை, பின்னர் பள்ளி, பின்னர் விளைச்சலை அங்கேயே வாங்கிப் பதப்படுத்தி உள்நாட்டிலேயே விற்கும் ஏற்பாடு. செடியைப் பெருமளவில் அழிக்கத் தொடங்கியது 1984 வாக்கில்தான். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள். இதற்கு நேர்மாறாக, ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலில் ஓர் ஆணையால் கசகசா தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டே சாகுபடி 95 விழுக்காடு வீழ்ந்தது. குடியானவர்கள் இழந்த வருவாய் நூறு கோடி டாலருக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகள் அலுவலகம் கணித்தது. 2023இல் உலகிலேயே மிகுதியாக அபின் விளைந்த நாடு மியன்மர் ஆயிற்று.

மீண்டும் நம் கிழக்குத்தொடர்ச்சி மலைக்கு வருவோம். 2021 அக்டோபரில் ஆந்திரக் காவல்துறை ‘பரிவர்த்தனா’ என்ற பெயரில் நடவடிக்கை எடுத்து, விசாகப்பட்டின மலைப்பகுதியில் பல ஆயிரம் ஏக்கர் கஞ்சாத் தோட்டங்களை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளிக்கு அருகில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோ கஞ்சா தீயிடப்பட்டது. அதே மலைகளின் அரக்குப் பள்ளத்தாக்கில்தான் பழங்குடி மக்கள் விளைவிக்கும் அரபிகா காப்பி 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாடேரு வட்டாரத்தில் சில்வர் ஓக் மரநிழலில் காப்பி நட்டு, அம்மரத்திலேயே மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். கிரிஜன் கூட்டுறவுக் கழகம் அறுவடைக்காலத்தில் மலைக்கே சென்று கொட்டையை வாங்குகிறது. ஒடிசா இளைஞர் சொன்ன ‘வீட்டுக்கே வரும் ஆள்’ இங்கே கூட்டுறவுக் கழகத்தின் உருவில் வருகிறார் எனலாம். ஐரோப்பாவில் அக்காப்பி சுங்கமின்றி இறங்கும். ஆனால் அதனாலன்று அக்குடியானவர் அதை நட்டது.

கஞ்சா ஏறத்தாழ ஆறு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். காப்பிச் செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மிளகும் உடனே பலன் தராது. அவ்விடைவெளியைத் தாண்ட, நூறு நாள் வேலைத் திட்டக் கூலியைக் கொண்டே காப்பிக் கன்று நடும் பணியை ஆந்திராவில் சில ஆண்டுகள் நடத்தினார்கள். நட்டவருக்குத் தம் நிலத்திலேயே கூலி கிடைத்தது. எல்லைக்கு அப்பால் ஒடிசாவின் கோராபுட்டிலும் காப்பி விளைகிறது. சேரப்பணஞ்சேரி அறையில் இருக்கும் அவ்விளைஞரிடம் இதைக் கேட்டேன். தம் ஊரில் இன்னும் நடவில்லை என்றார். தம் அப்பா கன்று கிடைத்தால் நடுவார், ஆனால் வாங்க ஆள் வருவாரா என்பதை முதலில் தெரிந்துகொண்டு சொல்லும்படி கேட்டிருக்கிறாராம்.